கம்ப்ரசர் நிற்கும் நேரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் எம்.காம். படித்தேன். இரண்டாம் வருடத்தில் நிதி மேலாண்மை என்று ஒரு தாள். அதில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒரு கம்பெனி இன்றைக்குப் பெரிய தொகை போட்டு ஓர் இயந்திரம் வாங்குகிறது. அது அடுத்த பத்து வருடத்தில் சம்பாதிக்கப் போகிற பணம் இன்றைய மதிப்பில் எவ்வளவு? போட்டதைவிட அதிகம் என்றால் வாங்கலாம், குறைவென்றால் வாங்கக் கூடாது. இதைக் கண்டுபிடிப்பதற்காகப் பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அட்டவணைகள் போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த அட்டவணைகளின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. பன்னிரண்டு சதவீத வட்டியில், ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு ரூபாய் இன்றைக்கு ஐம்பத்தேழு பைசா. பத்து வருடம் கழித்து வருவது முப்பத்திரண்டு பைசா. காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பைசா சுத்தமாகச் சொல்லிவிடலாம் என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு மாடியில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். கண்ணில் பட்டதையெல்லாம் நான் இந்த அட்டவணையில் போட்டுப் பார்ப்பேன். வீட்டுக்காரர் வைத்த தென்னங்கன்று லாபமா, அறை நண்பன் கட்டும் சீட்டு லாபமா என்று கணக்குப் போட்டு, கேட்காதவர்களுக்கும் விடை சொல்லுவேன். ஒரு நாள் என் படிப்பையே போட்டுப் பார்த்தேன், நஷ்டம் என்று வந்தது. நண்பர்கள் அதை இரண்டு மாதம் சொல்லிச் சிரித்தார்கள்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு நிறுவனத்தைப் பிடித்து அதன் முதலீட்டு முடிவு ஒன்றை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். மற்றவர்கள் நூற்பாலைக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் போனார்கள். நான் திருச்செங்கோட்டுக்குப் போய் ஒரு ரிக் வண்டிக் கம்பெனியைப் பிடித்தேன். ரிக் என்றால் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரி. எங்கள் பக்கத்தில் அந்தக் கிணற்றைப் போர் என்போம். நீண்ட இரும்புக் குழாய்களை அடுக்கிக்கொண்டு அந்த லாரிகள் வடக்கே போவதும், மாதக்கணக்கில் கழித்துப் புழுதியோடு திரும்புவதுமாக இருக்கும். அவை எங்கே போகின்றன, அங்கே என்ன நடக்கிறது, அதில் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்துகொள்ள ஆசை.

அந்தக் கம்பெனியில் ஏழு பங்காளிகள். எல்லாரும் விவசாயக் குடும்பம், ஒருவருக்கொருவர் உறவு. நிர்வாகம் பார்த்தவர் வேட்டியும் முழங்கை வரை மடித்த சட்டையுமாக ஒரு மர மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு ரிக் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது ரிக் வாங்கி வடக்கே அனுப்பலாமா என்பதுதான் அப்போது அவர்கள் முன்னால் இருந்த கேள்வி.

"ஏனுங்க தம்பி, பாங்க்காரரு காயிதம் கேக்கறாருங்க. வாங்குனா கட்டுமா கட்டாதான்னு எழுதி வேணுமாமா. நீங்க படிக்கறதும் அதுதானுங்களே, எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

என் அறிக்கையை ஒரு பேராசிரியர் மட்டும் படிக்கப் போவதில்லை, ஒரு பாங்க் மேனேஜரும் படிக்கப் போகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே செவ்வாய்ப்பேட்டையில் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்கினேன்.

அந்த வருடம் மழை இல்லை. உள்ளூரிலேயே வேலை குவிந்திருந்ததால் ரிக் வடக்கே போகாமல் எங்கள் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நானும் ஒரு மாதம் அதோடு போனேன். துளை போடும் இயந்திரம் ஒரு லாரியில், காற்றை அடிக்கும் கம்ப்ரசர் இன்னொரு லாரியில். இருபதடி நீளமுள்ள இரும்புக் குழாய்க்கு ராடு என்று பெயர். ஒன்று முழுதாக இறங்கியதும் அதன் தலையில் அடுத்ததை முடுக்குவார்கள். அதனால் ஆழத்தை யாரும் அடியில் சொல்வதில்லை, எட்டாவது ராடு, பத்தாவது ராடு என்றுதான் பேச்சு. கூலி மட்டும் அடிக்கணக்கு. தண்ணீர் வந்தாலும் அதே கூலி, வெறும் புழுதி வந்தாலும் அதே கூலி.

இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் லாபம் என்பது துணிந்து இறங்குவதற்குக் கிடைக்கும் பரிசு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இங்கே துணிவு முழுவதும் காட்டுக்காரருடையது, அதாவது போர் போடச் சொன்ன நிலத்துச் சொந்தக்காரருடையது. ரிக் கம்பெனிக்குப் பூமிக்கடியில் என்ன இருந்தாலும் ஒன்றுதான். இதை அறிக்கையில் இந்தத் தொழிலின் பலம் என்ற தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

ரிக்கை இயக்கும் தலைமை ஆளை டிரில்லர் என்பார்கள். எங்கள் டிரில்லருக்கு நாற்பது வயதிருக்கும். பல வருட இரைச்சலில் காது பாதி போய்விட்டது. அதனால் பக்கத்தில் நிற்பவரிடமும் உரக்கத்தான் பேசுவார், அதனாலேயே குறைவாகப் பேசுவார். வேலை நடக்கும்போது துளையிலிருந்து மேலே பறக்கும் கல்பொடியைக் கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்ப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது.

நான் நோட்டில் எல்லாவற்றையும் குறித்தேன். எத்தனை மணிக்குத் தொடங்கினார்கள், ராடு மாற்ற எத்தனை நிமிடம், டீசல் எத்தனை லிட்டர், வேலை எப்போதெல்லாம் நின்றது. அந்தக் கடைசிக் கட்டம்தான் என்னை உறுத்தியது. சில இடங்களில் வேலை நடுவே டிரில்லர் திடீரென்று கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு டீக்குப் போய்விடுவார். கடை ஒரு மைல் தள்ளி இருந்தாலும் நடந்தே போவார்கள். திரும்பி வர நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். இதற்கு ஒரு நேரம் காலமும் இல்லை. ஒரு நாள் பத்தரைக்கு நிற்கும், ஒரு நாள் மூன்று மணிக்கு. பல இடங்களில் நிற்கவே நிற்காது, தூக்குப் போசியில் டீ காட்டுக்கே வந்துவிடும்.

ஒருமுறை, ஏன் இப்படி நேரம் கெட்ட நேரத்தில் போகிறீர்கள் என்று டிரில்லரிடம் கேட்டேன்.

"டீ குடிக்கோணுமுங்களே" என்றார். அவ்வளவுதான்.

அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு ராத்தல் காகிதமாவது தீர்ந்திருக்கும். எப்படிப் போட்டாலும் இரண்டாவது ரிக் பாங்க் வட்டிக்குக் கட்டுபடியாகவில்லை. பத்து வருட வருமானத்தையும் இன்றைய மதிப்புக்கு இறக்கிக் கூட்டினால், போட்ட முதலுக்கு ஒரு சின்னத் தொகை குறைந்துகொண்டே இருந்தது. பெரிய தொகையாக இருந்தால் விட்டிருப்பேன். சின்னதாக இருந்ததால் அது என்னைத் தூங்க விடவில்லை. எங்கேயோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

கிடைத்தது. நோட்டில் இருந்த போர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன், நடுவே டீக்கு நின்றவை ஒரு பக்கம், நிற்காதவை மறுபக்கம். டீக்கு நின்ற போர்கள் எல்லாம் அநேகமாக நின்ற அதே ஆழத்தில், மிஞ்சினால் இன்னும் ஒரு ராட்டில், முடிந்துபோயிருந்தன. நிற்காதவை அடி அதிகம் போயிருந்தன. நிறுத்துவதால் வேகம் கெடுகிறது, வேகம் கெட்டதும் காட்டுக்காரர்களுக்கு ஊக்கம் குறைந்துவிடுகிறது என்று எழுதினேன். நிற்கும் நேரத்தில் ஆள்கூலியும் வீண். ஆட்கள் முறை வைத்து டீ குடிக்கட்டும், கம்ப்ரசர் மட்டும் நிற்கவே கூடாது. இதை ஒரு விதியாக வைத்தால் போர் ஒன்றுக்கு இத்தனை அடி கூடும் என்று எழுதிப் புதிய கணக்கைப் போட்டேன். குறைந்துகொண்டிருந்த தொகை மறைந்து மிச்சம் வந்தது. இரண்டாவது ரிக் கட்டுபடியாகிவிட்டது.

அந்த ஒரு பக்கத்தை எழுதிய சந்தோஷம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது, வெட்கத்தோடு.

நிர்வாகப் பங்காளி அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். டீ விஷயம் வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "கணக்கு நல்லா வந்திருக்குதுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். பாங்க்கில் கடன் கிடைத்தது. மறுவாரமே கம்ப்ரசர் நிற்கக் கூடாது என்று ஆட்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

என் அக்காவை நாமக்கல்லுக்குத் தெற்கே, மோகனூர் போகிற வழியில் கட்டிக் கொடுத்திருந்தது. நாலு ஏக்கர் மேட்டுக்காடு. பழைய கிணறு அந்த வருடம் சுத்தமாக வற்றிவிட்டது. மச்சான் போர் போடுவது என்று முடிவெடுத்தபோது, நானே கம்பெனியில் சொல்லி அந்த ரிக்கை ஏற்பாடு செய்தேன். எனக்கு உறவு என்று அடிக்குக் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் குடும்பத்துக் கணக்கு முழுவதும் அவள் தலையில்தான் இருந்தது. ரிக் வருவதற்கு முதல் நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். என்னை அவள் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"பால் காசு சேத்து வெச்சது பன்னெண்டு ராடுக்கு இருக்குது சாமி. பன்னெண்டுல வந்தா சாமி புண்ணியம். வரலீன்னா மூடிப்போட்டு எருமை ரெண்டையும் வெச்சுப் பால் ஊத்திப் பொழச்சுக்கலாம். அதுக்கு மேல போனா எருமைய விக்கோணும். எருமை போச்சுன்னா இவரு ரிக்கு வண்டியேறி வடக்க போகோணும்."

"அப்படியெல்லாம் போகமாட்டேன். பன்னெண்டோட நிறுத்திக்கலாம்" என்றார் மச்சான்.

நான் உள்ளுக்குள் வியந்துபோனேன். போட்டுவிட்ட பணத்தைப் பார்த்து மேலும் போடக் கூடாது, இனிமேல் போடப்போவதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று அதே வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். அதை விளக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா ரசம் ஊற்றுகிற நேரத்தில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டித் தொடங்கினார்கள். ரிக் ஓடும்போது பெண்கள் கிட்டத்தில் வருவதில்லை. அக்கா நூறடி தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மச்சான் ரிக் பக்கத்தில் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில், நோட்டோடு. நோட்டு எதற்கு என்றால், என் விதி அமலுக்கு வந்தபின் நான் பார்க்கும் முதல் போர் அது. ராடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. என் அக்கா வீட்டுக் காட்டில் நிற்கிறோம் என்பதைவிட அந்த ஆசைதான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. காதோடு வாய் வைத்துக் கத்தினால் ஒன்றிரண்டு சொல் கேட்கும். ஒரு ராடு இறங்கி முடிந்ததும் டிரில்லர் திரும்பிக் காட்டுக்காரரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்குவார், இன்னொன்று இறக்கட்டுமா என்று. காட்டுக்காரர் தலையாட்டுவார். பேச்சு வார்த்தை எல்லாம் அவ்வளவுதான். எட்டு, ஒன்பது, பத்து என்று மச்சான் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சாம்பல் நிறத்தில் உலர்ந்த பொடி மேலே பறந்து எங்கள் தலை, புருவம் எல்லாம் வெளுத்துவிட்டது.

பன்னிரண்டாவது ராடு இறங்கி முடிந்தது. டிரில்லர் பொடியைக் கையில் ஏந்தித் தேய்த்தார். கம்ப்ரசர் லாரியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி ஒரு விரலைத் தூக்கினார்.

மச்சான் என்னைப் பார்த்தார். மேற்குத் தோட்டத்துக்காரருக்குப் பதினைந்தாவது ராட்டில் தண்ணீர் வந்தது என்பது அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்ததைப் பிறகு சொன்னார். நான் மணி பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டினார். பதின்மூன்று இறங்கியது. இவ்வளவு போயாகிவிட்டது, இன்னொன்று என்று பதினான்கு. பதினைந்தாவதில் மேற்குத் தோட்டத்துத் தண்ணீர் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பதினாறு. தூரத்தில் அக்கா எழுந்து நிற்பது புழுதிக்குள் மங்கலாகத் தெரிந்தது. கையை ஆட்டினாள் என்று நினைக்கிறேன்.

பதினேழாவதும் வெறும் புழுதியோடு முடிந்து விரல் மறுபடி உயர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மச்சானின் முகத்தில் ஒரு முடிவும் இல்லை. அந்தத் தலை பழக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டிரில்லரிடம் ஓடி, இரண்டு கையாலும் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் ஒரு நொடி தயங்கிவிட்டுக் கம்ப்ரசர் ஆளுக்குக் கையசைத்தார்.

சத்தம் நின்றது. அந்த அமைதி காதை அடைத்தது. அக்கா வரப்பில் வேகமாக நடந்து வருகிற காலடி கூடக் கேட்டது.

"போதுமுங்க" என்றாள் மச்சானிடம். காலையிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் சொல் அது. மச்சான் அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"பன்னெண்டோட நிறுத்தறதாத்தானுங்க இருந்துது. ஏனுங்க இப்பிடி?" என்றாள்.

பிறகு அக்கா என்னைப் பார்த்து, "நீ பக்கத்துல நோட்டு வெச்சுட்டு நிக்கறே. சரியாத்தான் இருக்குமுன்னு நானும் உக்காந்துட்டேன் சாமி" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

டிரில்லர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு லாரி நிழலுக்குப் போனார். நான் பின்னாலேயே போய், பன்னிரண்டாவது ராட்டில் ஏன் என்னைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். கம்ப்ரசர் நின்றிருந்தும் அவர் உரக்கத்தான் பேசினார்.

"அந்த எடத்துல டீக்குப் போயிருக்கோணுமுங்க."

"பசிச்சுதா?"

"பசியில்லீங்க. அதுக்குக் கீழ ஒரே கருங்கல்லுங்க. பொடியப் பாத்தாத் தெரியுமுங்க. ஆனா தண்ணி இல்லீன்னு நாங்க வாயால சொல்லப்படாதுங்க. சொல்லிப்போட்டு நாளைக்கு வேற ரிக்கு வந்து இன்னும் பத்தடியில தண்ணி எடுத்துட்டா, சாகற வரைக்கும் எங்களத்தான் ஏசுவாங்க. அதுனால எஞ்சினை நிறுத்திப்போட்டு டீக்குப் போயிருவோமுங்க. சத்தம் நின்னா ஊட்டுக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்க. நாங்க மெதுவா வந்தா முடிவு பண்ணி வெச்சிருப்பாங்க. போதுமுன்னா மூட்டை கட்டிருவோமுங்க."

"இதை ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை?" என்று கோபமாகக் கேட்டேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"சொல்லீட்டா அப்பறம் அது டீ இல்லீங்களே. இப்ப நிறுத்தக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க. காயிதத்துல இருக்குதாமா, உங்க காயிதமுன்னாங்க. இன்னைக்கு நீங்களே நோட்டோட நிக்கறீங்க. நா எப்பிடீங்க நிறுத்தறது?"

நோட்டில் இருந்த அந்த இரண்டு பட்டியல்களும் சரியானவைதான். டீக்கு நின்ற போர்கள் ஆழம் குறைவு. அதில் பொய்யில்லை. நான் மாதம் முழுவதும் அந்த நாற்பது நிமிடங்களின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்திருக்கிறேன். நடுவில் காட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அவர்களோடு சேர்ந்து நானும் டீக்கடைக்குப் போயிருந்தேன். ஒரு தடவை டீ வேண்டாம் என்று காட்டிலேயே உட்கார்ந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். எதையும் துருவித் துருவிப் பார்ப்பவன் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் அந்த லாரி நிழலில் போய்விட்டது.

மறுநாள் திருச்செங்கோட்டுக்குப் போனேன். நிர்வாகப் பங்காளியிடம், என் அறிக்கையில் அந்தப் பக்கம் தவறு, பழையபடி நிறுத்த விடுங்கள் என்றேன். அவர் எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"அந்த டீ எனக்குத் தெரியாதுங்களா தம்பி? நானும் ரிக்குல ராடு தூக்குனவந்தானுங்க" என்றார்.

"தெரிந்துமா விட்டீர்கள்?"

"படிச்சவங்க கணக்குப் போட்டு எழுதிட்டு வந்து நிக்கறீங்க. கணக்கும் கட்டுது. எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரலீங்க." பிறகு, "வாய் வரோணுமுன்னு நானும் நெனைக்கலீங்க, நெசத்தச் சொன்னா" என்றார். "இப்ப அந்த அடி கூடுனாத்தான் பாங்க்குத் தவணை கட்ட முடியும். அந்த அடியக் காட்டித்தானுங்க கடன் வாங்கியிருக்கறோம். டீயத் திருப்பி உட்டா நீங்க எழுதுன மிச்சம் எங்கிருந்து வருமுங்க?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த மிச்சம் ஆள்கூலி சேமிப்பிலிருந்தோ வேகத்திலிருந்தோ வந்ததில்லை. போதும் என்று சொல்லியிருக்கக் கூடிய காட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. எங்கள் பாடத்திட்டத்தில் பொறுப்பான நிதி நிர்வாகம் என்று ஒரு பகுதி இருந்தது. பங்குதாரர்களுக்குப் பொறுப்பு, கடன் கொடுத்தவர்களுக்குப் பொறுப்பு என்று வரிசையாக எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தேன். அந்த வரிசையில் என் மச்சான் எங்கேயும் வரவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் அறிக்கையைக் கையில் எடுத்ததும் அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தார். களத்துக்குப் போய்க் கண்டுபிடித்த விஷயம், மிக நன்றாக இருக்கிறது என்றார். நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் பஸ்ஸில் போனேன். நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

எருமைகள் இரண்டும் ஒரே சந்தையில் போயின. கூலி பாக்கியைக் கட்டியபின் மிஞ்சியது அடுத்த மழை வரை தாங்காது. இரண்டாவது ரிக் வந்து சேர்ந்தபோது அதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மச்சான் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வருடம் கழித்துத்தான் ஊருக்குத் திரும்ப முடியும்.

புது ரிக்குக்குத் திருச்செங்கோட்டில் பூஜை போட்டு அனுப்பினார்கள். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, லாரி மெதுவாக நகர்ந்தது. மச்சான் ராடுகளுக்கு மேலே மற்ற ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். "வாரேன் மாப்ள, அக்காவப் பாத்துக்க" என்றார். அக்கா லாரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாமக்கல் பஸ்ஸுக்காகச் சாலையோரம் புளியமரத்தடியில் நின்றபோது நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, இரண்டு பட்டியல், டீ, அது எதற்கு என்பது, நான் எழுதிய பக்கம், தேர்வில் வாய் திறக்காதது வரை சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் எப்போதும் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள், சந்தையில் விலை கேட்கிற முகத்தோடு.

"டீக்குப் போயிருந்தா எத்தனாவதுல நின்னிருக்கும்?"

"பன்னெண்டுலக்கா."

"பதினேழு போச்சு. அப்ப அஞ்சு."

"ஆமாக்கா."

"அஞ்சு ராடுக்கு ஒரு வருசம்" என்றாள், தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வது போல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. இன்னும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் புது வண்டியும் டீக்கு நிக்காதா சாமி?"

"நிக்காதுக்கா. அதை வெச்சுத்தான் கடனே வாங்கியிருக்காங்க."

"அப்ப இனி இவரு கையாலயே எத்தன ஊட்டுக்காரங்க காட்டுல அந்த அஞ்சு ராடு எறங்கப் போகுதோ" என்றாள்.

பஸ் வந்து நின்றது. அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். நான் டிக்கெட் எடுத்தேன்.